நம்ம ஆளு கடை

செம்பனை ஆலைகளில் கொதிகலன் பராமரிப்பு என் வேலை. மாதத்தில் பாதி நாள் கீழ்ப் பேராக்கில் கழியும். ஆலைகள் செம்பனைக்குள் இருப்பதால் மதியச் சாப்பாட்டுக்கு ஏதாவது ஒரு சிறுபட்டணத்துக்கு வண்டியை எடுத்தாக வேண்டும். சுங்காய், பீடோர், தெலுக் இந்தான், ஊத்தான் மெலிந்தாங், பாகான் டத்தோ. இப்படிச் சுற்றிச் சுற்றியே நண்பர்கள் மத்தியில் எனக்குச் 'சாப்பாட்டு மேப்' என்று பெயர் வந்துவிட்டது. யாராவது பழைய சாலையில் ஈப்போ போனால் எனக்கு ஒரு வாட்சாப் வரும்: "மச்சான், தாப்பா பக்கம் போறேன், எங்க சாப்பிடலாம்?"

போன மாதம் வேறு எதையோ தேடும்போது, கடந்த ஐந்து வருடங்களில் நான் அனுப்பிய பதில்கள் வரிசையாகக் கண்ணில் பட்டன. "செம கடைடா." "மட்டன் பிரட்டல் வேற லெவல்." "வீட்டுச் சாப்பாடு மாதிரியே இருக்கும்." "நம்ம ஆளு கடைதான், சப்போர்ட் பண்ணு." முப்பது நாற்பது பதில்கள் இருக்கும். ஒன்றில்கூட அந்தச் சாப்பாடு எப்படி இருந்தது என்று இல்லை. மட்டன் மிளகில் பிரட்டியதா, மசாலாவில் வெந்ததா, எலும்போடா, பஞ்சுபோல வெந்திருந்ததா, கடிக்க வேண்டியிருந்ததா, எதுவும் தெரியாது. பரிந்துரை என்ற பெயரில் நான் கைதட்டிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இது என் ஒருவன் பழக்கம் மட்டும் கிடையாது. சிறுபட்டண உணவகங்களைப் பற்றி நம் தமிழில் வரும் காணொளிகளுக்கும் பதிவுகளுக்கும் இந்நேரம் ஓர் இலக்கணமே உருவாகிவிட்டது. முதலில் கார் கண்ணாடி வழியே செம்பனை மரங்கள். தெலுக் இந்தான் என்றால் சாய்ந்த கோபுரம் ஒரு ஷாட் கட்டாயம். 1885இல் கட்டப்பட்ட அந்தக் கோபுரத்தில் அன்று ஊருக்கான தண்ணீரைத் தேக்கி வைத்தார்கள் என்பதை யாரும் சொல்ல மாட்டார்கள். சாய்ந்திருக்கிறது, அது போதும். பிறகு வாழையிலை, சோற்றின் மேல் மெதுவாக ஊற்றப்படும் குழம்பு, முதல் கவளம், மூடிய கண்கள், தலையாட்டல். "மறைஞ்சு கிடக்கிற முத்துங்க இது, மிஸ் பண்ணிடாதீங்க!"

யாருக்கு மறைந்து கிடக்கிறது? ஊத்தான் மெலிந்தாங்கில் மூன்று பிள்ளைகளைப் படிக்க வைத்த ஒரு கடை, அந்த ஊர்க்காரர்களுக்கு ஒருநாளும் மறைந்திருந்ததில்லை. சிறுபட்டண உணவைப் பற்றிய நம் எழுத்து கிட்டத்தட்ட முழுக்கவே காரில் வந்து இறங்குபவனின் எழுத்து. இதற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. மிச்செலின் கையேட்டை 1900இல் வெளியிட்டது ஒரு டயர் நிறுவனம். 1926இல் நட்சத்திரம் கொடுக்கத் தொடங்கினார்கள். அடுத்த பத்து வருடத்துக்குள் அந்த நட்சத்திரங்களுக்கு ஒரு விளக்கமும் வந்தது: ஒன்று என்றால் வழியில் நிறுத்திச் சாப்பிடலாம், இரண்டு என்றால் பாதையை விட்டு விலகியும் போகலாம், மூன்று என்றால் அதற்காகவே பயணம் கிளம்பலாம். அதாவது நட்சத்திரம் ஓடும் சக்கரத்துக்கு வைத்த அளவு. தினமும் அதே பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிடுகிறவனுக்கு அந்த அளவுகோலில் இடமே கிடையாது.

அதே 1926இல்தான் தஞ்சோங் மாலிமில் யிக் முன் ஹைனானியக் கடை தொடங்கியது. இன்றைக்கும் ஆள் நிறுத்திப் பாவ் வாங்கிப் போகிற கடை. மிச்செலின் மலேசியாவுக்கு வந்ததோ 2022 டிசம்பரில், கோலாலம்பூரையும் பினாங்கையும் மட்டும் எடுத்துக்கொண்டு. நடுவில் இருக்கும் பேராக் அவர்களுக்கு வெறும் வழி. 1994இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுதாகத் திறந்தபோதே பழைய கூட்டரசுச் சாலை ஊர்கள் வழியோரம் என்ற தகுதியையும் இழந்துவிட்டன. அவற்றுக்கு மறுபடி ஆள் கூட்டி வருவது இந்தக் காணொளிக்காரர்கள்தான், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் என்ன சொல்லிக் கூட்டி வருகிறார்கள் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இந்த வகை எழுத்தில் எனக்கு அதிகம் உறுத்தும் சொல் 'எஸ்டேட் ஸ்டைல்'. எஸ்டேட் ஸ்டைல் கோழிக்கறி, எஸ்டேட் ஸ்டைல் நெத்திலி சம்பல், ஷா ஆலாமில் குளிர்சாதனம் போட்ட கடையில் எஸ்டேட் ஸ்டைல் 'செட்'. என் பாட்டி தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். அவர் சொல்லக் கேட்ட தோட்டத்துச் சமையல் என்பது மாதத்தின் தேதியைப் பொறுத்தது. சம்பளம் போட்ட வாரம் ஆட்டுக்கறி. நடுவில் கருவாடு, பருப்பு, வீட்டுக்குப் பின்னால் முளைத்த கீரை. மாதக் கடைசியில் கடைக்காரர் 555 புத்தகத்தில் இன்னும் ஒரு வரி எழுத விட்டால்தான் அரிசி. இந்த ஏற்ற இறக்கம்தான் அந்தச் சமையலின் குணம். அதில் சம்பள வாரத்தை மட்டும் வெட்டி எடுத்து, மிளகாய்த் தூளைக் கூடக் கொட்டி, தகரத் தட்டில் வைத்தால் 'எஸ்டேட் ஸ்டைல்' ஆகிவிடுகிறது. தோட்டம் துண்டாடப்பட்டு, லயத்தைக் காலி செய்து, பட்டணத்தோரம் தாமானுக்கும் அடுக்குமாடிக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகள் அதை இருபத்தைந்து வெள்ளிக்கு வாங்கிச் சாப்பிடுகிறோம். விலை பற்றி எனக்குப் புகார் இல்லை. அந்தச் சொல் வந்தவுடன் மேற்கொண்டு யாரும் கேள்வி கேட்பதில்லை என்பதுதான் புகார். 'எஸ்டேட் ஸ்டைல்' என்று போட்டுவிட்டால் கோழி வேகாமல் இருந்தாலும் அது பாரம்பரியம்.

'பாட்டி கைப்பக்குவம்' இன்னொன்று. நான் போகும் கடைகளில் அடுப்படிக்குள் எட்டிப் பார்க்கிற பழக்கம் எனக்கு உண்டு. பாதிக் கடைகளில் அங்கே நிற்பது புதுக்கோட்டையிலிருந்தோ இராமநாதபுரத்திலிருந்தோ வேலை பெர்மிட்டில் வந்த தம்பி. உணவகங்களில் உள்ளூர் சமையல்காரர்கள்தான் இருக்க வேண்டும் என்று 2018இல் ஓர் அறிவிப்பு வந்து, கடைக்காரர்கள் எதிர்த்த பிறகு பின்வாங்கப்பட்டது ஞாபகம் இருக்கலாம். அப்போது ஆளாளுக்கு அதைப் பற்றிப் பேசினோம். ஆனால் அந்தத் தம்பிகளின் கை நம் குழம்பை எப்படி மாற்றியிருக்கிறது என்று எந்த உணவுப் பதிவும் எழுதியதில்லை. மாற்றித்தான் இருக்கிறது. சாம்பார் இனிப்பு குறைந்து பெருங்காயம் தூக்கலாகியிருக்கிறது, மீன் குழம்பில் தேங்காய்ப்பால் பின்வாங்கிப் புளி முன்னால் வந்திருக்கிறது. நல்லதா கெட்டதா என்பது அடுத்த கேள்வி. முதலில் அது நடந்திருக்கிறது என்று நாக்கால் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியவர்கள், இல்லாத ஒரு பாட்டியைக் கும்பிட்டுக்கொண்டிருக்கிறோம்.

இனி நட்சத்திரம். கூகள் வரைபடத்தில் நான் சுற்றும் பகுதியில் உள்ள தமிழர் கடைகளைத் தட்டிப் பாருங்கள். பெரும்பாலும் நாலுக்கும் நாலரைக்கும் நடுவில் நிற்கும். ஆலையில் ஓர் அழுத்தமானி இப்படி இருந்தால் கழற்றி எறிந்துவிடுவோம். கொதிகலன் எரிந்தாலும் அணைந்தாலும் முள் நாலரையிலேயே நிற்கிறது என்றால் அது எதையும் அளக்கவில்லை. எனக்கு அது மொய் மாதிரி படுகிறது. கல்யாணத்துக்குப் போனோம், சாப்பாடு எப்படி இருந்தாலும் கவரில் ஐம்பது வெள்ளி வைத்தோம். நம்ம ஆளு கடை, ஐந்து நட்சத்திரம் வைத்தோம்.

இந்த இதழைப் படிப்பவர்களுக்கு இந்த மொய் பழக்கமானதுதான். நம் நூல் வெளியீடுகளில் நடப்பதும் இதுதானே? உள்ளூர் எழுத்தாளர், சொந்தக் காசு போட்டு அச்சடித்திருக்கிறார், ஆதரவு தர வேண்டும். மேடையில் நான்கு பேர் 'மண்வாசனை' என்கிறார்கள். புத்தகம் எப்படி இருக்கிறது என்று சொன்னவனை மறுநாள் முகநூலில் தேடி வந்து அடிக்கிறார்கள். ஆதரிப்பதும் விமர்சிப்பதும் ஒன்றுக்கொன்று எதிரி என்று எப்போது முடிவு செய்தோம் என்று தெரியவில்லை. நான் கம்பாரில் படித்த காலத்தில் சீன நண்பர்கள் மண்சட்டிக் கோழிச் சோற்றுக்காக அறையில் சண்டை போடுவார்கள். எந்தக் கடையில் அடிச்சோறு தீய்ந்து மணக்கிறது, எந்தக் கடைக்காரன் அடுப்பை மாற்றிய பிறகு கெட்டுப்போனான் என்று ராத்திரி ஒரு மணி வரை வாதம். அந்தக் கடைகள் எல்லாம் அவர்கள் ஆளுகளின் கடைகள்தான். யாரும் யாரையும் துரோகி என்று சொல்லி நான் கேட்டதில்லை.

இதை இவ்வளவு சூடாக எழுதுவதற்குக் காரணம் ஒரு கடை. பெயரும் ஊரும் வேண்டாம். ஆலைக்குப் பக்கத்துச் சிறுபட்டணத்தில், பழைய கடைவீட்டு ஐந்தடியில் மூன்று மேஜை, இரண்டு பெஞ்சு. நடத்துகிறவர் ஓர் ஆண்ட்டி, வயது அறுபதுக்கு மேல். சமையலும் அவர்தான். இங்கே நிஜமாகவே ஒரு பாட்டி உண்டு. நான் வேலையில் சேர்ந்த முதல் வாரமே சீனியர் ஒருவர் கூட்டிப்போனார். சோறு, மீன் குழம்பு, கோவைக்காய் பொரியல், ரசம். அந்த மீன் குழம்பில் வெந்தயம் வறுபட்டிருந்த பதம் இப்போதும் நினைவிருக்கிறது. கறுப்பதற்கு ஒரு நொடி முன்னால் எடுத்திருப்பார்.

2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. கடை கொஞ்ச நாள் மூடி, பிறகு பொட்டலம் மட்டும் என்று ஓடியது. 2021இல் ஆண்ட்டிக்குக் கோவிட் வந்து தேறினார். திரும்பக் கடை திறந்ததும் நான் போனேன். குழம்பு உப்பாக இருந்தது. கொஞ்சம் இல்லை, நன்றாகவே. வெந்தயம் கருகியிருந்தது. ஆண்ட்டி இளைத்துப்போய் நின்றார். "நல்லா இருக்காயா?" என்று கேட்டார். "சூப்பர் ஆண்ட்டி," என்றேன். காருக்குப் போய் உட்கார்ந்து, பாவம், இந்த நேரத்தில் உதவ வேண்டும் என்று, கூகளில் ஐந்து நட்சத்திரம் போட்டு எழுதினேன்: 'கீழ்ப் பேராக்கின் மிகச் சிறந்த மீன் குழம்பு. நம்ம ஆளு கடை. சப்போர்ட் பண்ணுங்க.' படம் நான்கு. அதற்கு மேல் மூன்று வாட்சாப் குழுவிலும் பகிர்ந்தேன்.

வந்தார்கள். வார இறுதியில் கிள்ளானிலிருந்தெல்லாம் குடும்பமாக வந்தார்கள். ஒருமுறை வந்தார்கள். அவர்களும் மொய் வைத்துவிட்டுப் போனார்கள். உப்பைப் பற்றி யாரும் மூச்சு விடவில்லை, நான் எழுதியதைப் பார்த்து வந்தவர்கள் நான் எழுதியதையே திருப்பி எழுதினார்கள். அந்த வருடம் கடையின் நட்சத்திரம் ஏறியது. மதியத்தில் பெஞ்சு காலியாகிக்கொண்டே வந்ததை நானும் பார்த்தேன். ஆலைக்காரர்கள் எதிர்ச் சாலை மாமாக் கடைக்கு மாறியிருந்தார்கள். அவர்களும் ஆண்ட்டியிடம் ஒன்றும் சொல்லவில்லை. வருத்தப்படுவாரே என்று சத்தமில்லாமல் நகர்ந்துவிட்டார்கள்.

கடைசியில் சொன்னது ஆலையில் வேலை செய்யும் ஒரு வங்காளதேசி இளைஞர். அவருக்கு இது நம்ம ஆளு கடை இல்லை. ஏழு வெள்ளி கொடுத்துச் சாப்பிடும் கடை. இரண்டாவது கவளத்திலேயே தட்டைத் தூக்கிக்கொண்டு போய், "ஆண்ட்டி, காராம் பாஞ்ஞா," என்றிருக்கிறார். மலாயில் காராம் என்றால் உப்பு. ஆண்ட்டி ஒரு வாய் எடுத்துப் பார்த்திருக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் மகளைக் கூப்பிட்டு வாயில் வைக்கச் சொல்லியிருக்கிறார். கோவிட்டில் போன மோப்பம் திரும்பவே இல்லை, நாக்கும் மங்கிப்போயிருந்தது. எதைச் சமைத்தாலும் சப்பென்று இருப்பதால் கை தானாக இன்னும் கொஞ்சம் போட்டிருக்கிறது. மகளும் அத்தனை மாதம் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தாள். அம்மா மனசு உடைந்துவிடும் என்று அவளும் சொல்லவில்லை.

இதையெல்லாம் எனக்கு ஆண்ட்டியே ஒரு மதியம் சொன்னார். சொல்லிவிட்டு மேஜை டிராயரிலிருந்து 555 புத்தகங்களை எடுத்துப் போட்டார். ரப்பர் பேண்ட் போட்ட கட்டு. "முன்ன எல்லாம் மாசத்துக்கு ஒரு புக்கு தீந்துரும்யா. அந்த வருஷம் ஒரே புக்கு மூணு மாசம் ஓடிச்சு. அத பாத்தே எனக்குத் தெரிஞ்சிருக்கணும். நீதான் போன்ல காட்டுனியே, ஸ்டாரு ஏறுதுன்னு. நானும் அத நம்பிட்டேன்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "அன்னிக்கே ஒனக்குத் தெரிஞ்சிச்சா?"

தெரிந்தது என்றேன்.

"சொல்லியிருக்கலாம்ல."

நல்ல அழுத்தமானி அந்த டிராயருக்குள் இருந்திருக்கிறது. திரும்பத் திரும்ப வருகிறவர்களின் பெயர்கள், பென்சிலில், வரி வரியாக. ஒருமுறை வந்து போகும் நான், அதைவிட எடுப்பாகத் தெரிகிற பொய்யான ஒன்றை அவர் கையில் கொடுத்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு நான் சொல்லும் பரிந்துரைகள் நீளமாகிவிட்டன. நண்பர்கள் கிண்டல் செய்கிறார்கள். தெலுக் இந்தான் சீ சோங் ஃபன் பற்றிக் கேட்டால் இப்படித்தான் சொல்கிறேன்: கோலாலம்பூரில் சாஸ் ஊற்றித் தருகிற மாதிரி எதிர்பார்க்காதே, இது வறட்டு வகை. உள்ளே செங்குவாங் கிழங்கும் காய்ந்த இறாலும் இருக்கும். வேறு என்ன சேர்க்கிறார்கள் என்று கேட்டு வாங்கு. ஊறவைத்த பச்சை மிளகாயோடு சாப்பிட வேண்டும். வாங்கிய சூட்டில் சாப்பிடு, கோலாலம்பூர் கொண்டுபோய் ஃப்ரிட்ஜில் வைத்தால் ரப்பர்தான். மஸ்தான் கனி மீ ரெபுஸுக்கு: கெட்டிக் குழம்பு, இனிப்பு முன்னால் நிற்கும், எனக்கு அந்த இனிப்பு பாதித் தட்டில் திகட்டும், எலுமிச்சையைக் கூடப் பிழிந்துகொள்வேன், உனக்கு இனிப்பு பிடிக்குமென்றால் என் பேச்சைக் கேட்காதே. இப்படிச் சொன்னதால் அந்தக் கடைகளுக்கு ஒரு நஷ்டமும் வந்ததாகத் தெரியவில்லை. கேட்டவன் போய்ச் சாப்பிட்டுவிட்டு, "இனிப்பெல்லாம் ஒன்னும் அதிகமில்ல, ஒன் நாக்குதான் சரியில்ல," என்று திருப்பிச் சண்டைக்கு வருகிறான். கம்பார் அறைச் சண்டை மாதிரி இருக்கிறது, நல்லாத்தான் இருக்கிறது.

ரொட்டி சானாயும் தே தாரேக்கும் நாசி லெமாக்கும் 2024 டிசம்பரில் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியபோது நம் குழுக்களில் இரண்டு நாள் கொண்டாட்டம். ரொட்டி நம்முடையது என்று ஒரே பெருமை. எந்தக் கடையில் மாவை இன்னமும் கையால் பிசைந்து ராத்திரி முழுக்க எண்ணெயில் ஊறவைக்கிறார்கள், எந்தக் கடையில் ஆலையிலிருந்து உருண்டையாக வருகிறது என்று கேட்டேன். "ஏன்டா நல்ல நாளும் அதுவுமா," என்றார் ஓர் அண்ணன்.

ஆண்ட்டி கடை இப்போதும் இருக்கிறது. கைக்கணக்கில் உப்புப் போடுவதை விட்டுவிட்டார். பால் டின் மூடி ஒன்றை அளவாக வைத்திருக்கிறார், மீன் குழம்புச் சட்டிக்கு இத்தனை மூடி என்று மகள் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறாள். வெந்தயம் வறுக்கும்போது மகள் பக்கத்தில் நின்று மணம் பார்த்து "போதும்மா" என்கிறாள். குழம்பு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை, எண்பது விழுக்காடு என்பேன். ரசம் இன்னும் சரியாகவில்லை.

போன மாதம் என் பழைய பதிவைத் திருத்தினேன். ஐந்தை நாலாக்கினேன். மகள் அதைப் பார்த்துவிட்டு, அடுத்த முறை போனபோது என் இலையில் அப்பளம் வைக்கவில்லை. பதிவில் இப்போது இருப்பது இதுதான்: 'மீன் குழம்பு நன்றாக இருக்கிறது, வெந்தய மணம் தெரியும். ரசத்தில் புளி அதிகம். கோவைக்காய் சீக்கிரம் தீர்ந்துவிடும். புதன்கிழமை கடை இல்லை. ஒரு மணிக்கு ஆலைக்காரர்கள் வருவார்கள், பெஞ்சு இரண்டையும் அவர்களுக்கு விட்டுவிடுங்கள். உப்பு கூடவோ குறையவோ இருந்தால் தயவுசெய்து ஆண்ட்டியிடம் நேராகச் சொல்லுங்கள்.'